படித்துக் காட்டியவர்

போன மாதம் எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். பள்ளி மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை வேண்டுமாம். அவசரகாலத்தில் நான் பள்ளி ஆய்வு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த அனுபவத்தை எழுதுங்கள், கொஞ்சம் இனிமையாக இருக்கட்டும் என்றார். எண்பதைத் தாண்டி, சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை போடுகிறவனிடம் இனிமை கேட்கிறார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அதே வாரம் இன்னொன்று நடந்தது. என் பேத்தியின் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். பெற்றோர்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. அதில் பள்ளி நேரத்தை மாற்றுவது பற்றி நீளமாக ஓர் அறிவிப்பு வந்திருந்தது. கீழே ஒவ்வொருவராகக் கட்டை விரல் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேத்தியும் ஒன்று போட்டாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"தெரியல தாத்தா. நீளமா இருந்துச்சு. எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அவளைக் கண்டிக்க எனக்குத் தகுதி கிடையாது. ஏன் கிடையாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன். செயலாளர் கேட்ட இனிமை கடைசியில் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது மலாக்கா டவுனில். அப்பா நகராட்சியில் தண்டல். சாலை போடும் ஆட்களை மேய்க்கிற வேலை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்றதில் படிப்பு இரண்டு மூன்று வருஷம் நின்றுபோனது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தபின் மீசை முளைத்த முகத்தோடு மறுபடி பள்ளிக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். டைப் அடிக்கக் கற்றுக்கொண்டேன். தற்காலிக குமாஸ்தா என்று ஆபீசில் சேர்ந்தபோது, காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம் தொடங்கிவிட்டிருந்தது. அந்தத் தற்காலிகம் முப்பத்து மூன்று வருஷம் நீடித்தது.

ஆபீஸ் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே மிளகாய், கருவாடு மூட்டைகள். மேலே நாங்கள் தும்மிக்கொண்டே அரசாங்கத்தை நடத்தினோம். கொள்கைகள் மாறிக்கொண்டே இருந்த காலம் அது. ஓர் ஆண்டு ஓர் அறிக்கை வரும், மறு ஆண்டு அதை மாற்றச் சொல்லி இன்னொன்று வரும். எல்லாம் ஆங்கிலத்தில் வரும். அவற்றைத் தமிழில் பெயர்த்து, ஸ்டென்சில் வெட்டி, பிரதி எடுத்துத் தோட்டப் பள்ளிகளுக்கு அனுப்புவது என் வேலை. அதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. மூன்று பக்க ஆங்கிலத்தை முக்கால் பக்கத் தமிழில் அடக்கிவிடுவேன். மற்றவர்கள் ஒரு நாள் எடுப்பதைக் காலைத் தேநீருக்குள் முடித்துவிடுவேன். ஆபீசில் என்னை 'எக்ஸ்பிரஸ்' என்று கூப்பிட்டார்கள். கேலிதான், ஆனால் எனக்கு அது பட்டம் மாதிரி இருந்தது.

தமிழ்ப்பள்ளிகளுக்கு இன்ஸ்பெக்டராக இருந்தவர் ஞானமுத்து சார். ஒல்லியான மனிதர். மலாக்கா வெயிலிலும் கோட்டு இல்லாமல் பார்க்க முடியாது. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கத் துடைக்க எதிரில் நிற்பவன் தான் செய்த தப்பைத் தேட ஆரம்பிப்பான். ஒரு காகிதத்தை இரண்டு முறை படிப்பார். முதலில் மனசுக்குள், பிறகு உதடு அசைய. இரண்டாவது முறை முடிகிற வரைக்கும் பேனா மூடியைத் திறக்க மாட்டார்.

சேர்ந்த புதிதில் ஒரு பதிவேட்டில் பள்ளியின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டு, பிளேடால் சுரண்டி, மேலே அழகாகத் திருத்தியிருந்தேன். அவர் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காகிதம் அங்கே மெலிந்திருந்தது. சுரண்டக் கூடாது, ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது கீழே தெரிய வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். "தப்பு செஞ்சது தெரியட்டும். அதை மறைச்சா அடுத்து வர்றவன் எதைத்தான் நம்புவான்?" என்று கேட்டார். அன்றே என் பிளேடை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அது திரும்பி வரவில்லை.

பள்ளிகளைப் பார்க்கப் போகும்போது என்னையும் அழைத்துப் போவார். அவருக்கு ஒரு முறை உண்டு. சொல்லாமல் போய் இறங்குவார். முதலில் கிணற்றையும் கக்கூசையும் பார்ப்பார். பிறகு வகுப்பின் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையைப் படிக்கச் சொல்வார். வாத்தியார் முன்வரிசைப் பிள்ளையைக் காட்டினால் காது கேட்காதவர் போல இருந்துவிடுவார். நான் முதல் தடவை கூடப் போனபோது அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை எடுத்துப் போனேன். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று தோட்டச் சாலைகளில் உணவு கொண்டுபோகத் தடை இருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் அரசாங்க ஆளின் புளிச்சோற்றை யார் தொடுவார்கள் என்று நினைத்தேன். அலோர் காஜாவைத் தாண்டியதும் சோதனையில் பொட்டலம் போனது. சுண்ணக்கட்டிப் பெட்டியைக்கூடக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். சார் டவுனிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். அன்று மூன்று மணிவரை நான் பச்சைத் தண்ணீர் குடித்தேன்.

அந்தக் காலத்துக் காகிதங்களுக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. எதை எடுத்தாலும் 'இரகசியம்' என்று சிவப்பு முத்திரை. ஒருமுறை மைக்கூடுகளைக் கழுவும் விதம் பற்றிய சுற்றறிக்கைக்குக்கூட அந்த முத்திரை விழுந்திருந்தது. முத்திரை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் குத்தத்தானே தோன்றும். பள்ளிக்கூட விஷயம் பெற்றோருக்குத் தெரியக் கூடாது என்றால் வேறு யாருக்குத் தெரிய வேண்டும் என்று சார் முணுமுணுப்பார். ஆனால் முத்திரையை மீறவும் மாட்டார். மேலிடத்துக்கு எழுதுவார், பதில் வரும் வரைக்கும் காத்திருப்பார், வராவிட்டால் மறுபடி எழுதுவார்.

இனி ஒன்பதாங்கட்டைக்கு வருகிறேன். அலோர் காஜாவிலிருந்து கோலா சுங்கை பாரு பக்கம் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். அதற்கு இங்கிலீஷில் வேறு பெயர், எங்கள் ஆட்களுக்கு மைல்கல்லை வைத்து ஒன்பதாங்கட்டை. சிதறிக் கிடந்த லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, குடும்பங்களையெல்லாம் கிளப்பி ஒரே இடத்தில் புது லயம் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். ஒரே வாசல், துப்பாக்கியோடு காவல். ஆனால் பள்ளிக்கூடம் பழைய லயத்துக்குப் பக்கத்தில், வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. அத்தாப்பு ஓலைக் கூரை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு.

மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வேலிக்கு வெளியே இருக்கிற சிறிய பள்ளிகளை மூடி, பிள்ளைகளைப் பக்கத்தில் உள்ள பெரிய பள்ளிக்கு மாற்றலாம். பெற்றோரிடம் சம்மதம் கேட்க வேண்டும். ஒன்பதாங்கட்டைக்குப் பெரிய பள்ளி நான்கு கட்டை தள்ளி வேறு தோட்டத்தில் இருந்தது. லாரியில்தான் போக வேண்டும். வேலிக்கதவு திறக்கிற நேரத்துக்கும் லாரி வருகிற நேரத்துக்கும் பொருந்த வேண்டும். ஆண்பிள்ளைகளை ஏற்றி அனுப்புவார்கள். பெண்பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? ஆயாக் கொட்டகையில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளப் போய்விடுவார்கள், படிப்பு அதோடு சரி. இதெல்லாம் இப்போது எழுதும்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது இது ஒரு காகிதம், இதை முடிக்க வேண்டும் என்பதுதான்.

சார் அப்போது மலேரியாவில் படுத்திருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி எனக்குச் சொல்லி அனுப்பினார். சுற்றறிக்கையை முழுசாகத் தமிழில் எழுதி, பெற்றோரைக் கூட்டி, படித்துக் காட்டி, சம்மதம் என்பவர் பெயர் ஒரு பக்கம், இல்லை என்பவர் பெயர் மறு பக்கம் வாங்கி வரச் சொன்னார். நான் வழக்கம்போல முக்கால் பக்கத்தில் அடக்கினேன். படிவங்களைக் கட்டிக்கொண்டு முதல் நாளே அலோர் காஜாவில் போய்த் தங்கி, விடிந்ததும் தோட்ட லாரியில் ஏறிப் போனேன்.

பெரட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வேலைக்குப் போகுமுன் எல்லோரும் வரிசையாக நின்று பெயர் கொடுக்கிற இடம் பெரட்டுக் களம். தோட்டத்தில் எந்தச் செய்தியானாலும் அங்கேதான் சொல்வார்கள். அன்று களத்தில் மேசை போட்டு, மைப்பெட்டி வைத்து, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மாணிக்கம் புது அரிசிக் கார்டுகளுக்குக் கைநாட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆனால் என்னைப்போலவே அவசரக்காரர். என் கையில் இருந்த கட்டைப் பார்த்தார்.

"இதையும் இதோட வச்சிடுங்கலா. ஒரே மையில முடிஞ்சிரும். எட்டு மணிக்குள்ள ஆளுங்க மரத்துக்குப் போவணும்."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நான் அவர் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு கட்டை விரலைப் பிடித்து அரிசிக் கார்டில் பதித்து இந்தப் பக்கம் தள்ளுவார், நான் மை காயுமுன் அதே விரலைப் பிடித்துச் 'சம்மதம்' பக்கத்தில் பதிப்பேன். ஜனங்களும் கேட்கவில்லை. அடையாளக் கார்டுக்கு, பாஸுக்கு, புது லயத்து வீட்டுக்கு என்று அந்த இரண்டு வருஷத்தில் அவர்கள் விரல் மை காயவே இல்லை. நீட்டு என்றால் நீட்டிப் பழகியிருந்தார்கள். வரிசையில் ஒரே ஒரு பெண், ரப்பர் பால் வெட்டுகிற அஞ்சலையக்கா, இது எதுக்கு தம்பி என்று ஒரு தடவை கேட்டார். பள்ளிக்கூட விஷயம்மா, போடுங்க என்றேன். போட்டுவிட்டுப் போனார். அரை மணிக்குள் வேலை முடிந்தது. எக்ஸ்பிரஸ் என்றால் சும்மாவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மத்தியான பஸ் பிடித்தேன்.

பத்து நாள் கழித்து சார் ஆபீசுக்கு வந்தார். கன்னம் ஒட்டி, கோட்டு தொளதொளவென்று இருந்தது. நான் பெருமையாகப் படிவக் கட்டை எடுத்து வைத்தேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். உதடு அசைய மறுபடி புரட்டினார். பேனா மூடி திறக்கவில்லை. ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லையா என்று கேட்டார். இல்லை சார் என்றேன்.

"ஒரு லயத்துல மழை பெய்யுதா தூறுதான்னு கேட்டா ரெண்டு அபிப்பிராயம் வரும். ஒன்பதாங்கட்டை முழுக்க ஒரே மனசா?"

எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டார். அரை மணி என்றேன், இன்னும் கொஞ்சம் பெருமையாக. கண்ணாடி கழன்றது. ஊதா மையைச் சுட்டிக் காட்டி, இது நம் ஆபீஸ் மை இல்லையே என்றார். பிறகுதான் எனக்கு உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, நான் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். படித்துக் காட்டினீர்களா என்று கேட்டதற்கு, பள்ளிக்கூட விஷயம் என்று சொன்னேன் சார் என்றேன். துடைத்த கண்ணாடியையே அவர் மறுபடி துடைத்தார்.

அதற்குள் இன்னொரு காரியமும் ஆகிவிட்டிருந்தது. சம்மதம் கிடைத்துவிட்டது என்ற பேச்சை நம்பித் தோட்டத்தில் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளை எடுத்து ஸ்டோரில் அடுக்கிவிட்டார்கள். வாத்தியார் ஆபீசுக்குக் கடிதம் எழுதியிருந்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், மாத முடிவில் மூடுவதாகச் சொல்கிறார்கள், என்ன செய்ய என்று. ஆட்சேபம் ஒரு வரி இல்லை. வேலிக்குள் வாழ்கிறவர்கள் அரசாங்க உத்தரவுக்கு எதிராக ஏதாவது சொன்னால் காட்டுக்காரர்களின் ஆள் என்று பெயர் வந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது, அவருக்கும் இருந்தது.

சார் எனக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. திரும்பப் போய்ப் படித்துக் காட்டிவிட்டு வரச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை.

"மொதல்ல நீங்க செஞ்சதை அவங்ககிட்ட சொல்லணும். அப்புறம்தான் கேக்கணும். இது உங்க ஃபைல்ல ஏறும். என் ஃபைல்லயும் ஏறும், நாந்தான் உங்கள அனுப்புனேன்."

அந்த வயதில் இதைவிட அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதே பெரட்டுக் களத்தில் ஒரு பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். அன்று அரிசிக் கார்டோடு சேர்த்து நான் வாங்கியது பள்ளிக்கூடத்தை மூடுவதற்குச் சம்மதம், உங்களிடம் சொல்லாமல் வாங்கியது என் தப்பு என்றேன். யாராவது திட்டுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் திட்டவில்லை. சம்மதம் இல்லாதவர்கள் வந்து பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். ஒருவரும் நகரவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளிக்கூடம் வேண்டாமா இவர்களுக்கு என்றுகூட ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

கடைசியில் பின்வரிசையில் ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்.

"கைநாட்ட எடுத்துட்டா அரிசிய நிறுத்திருவாங்களா?"

அப்போதுதான் நான் செய்தது எனக்கு முழுதாகத் தெரிந்தது. ஒரே மேசை, ஒரே மை, ஒரே விரல். அவர்கள் கணக்கில் அரிசியும் பள்ளிக்கூடமும் ஒரே காகிதம். ஒன்றைத் தொட்டால் மற்றது போகும். வேலிக்குள் அளந்து கொடுக்கிற அரிசியைத் தவிர வேறு அரிசி இல்லாதவர்கள் அப்படி நினைக்காமல் வேறெப்படி நினைப்பார்கள்? இல்லவே இல்லை, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நான் சத்தியம் செய்தேன். மாணிக்கம் கிராணியும் சொன்னார். இரண்டு பேரையும் அவர்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். நம்பவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள்தானே.

அஞ்சலையக்கா முன்னால் வந்தார். முப்பது வயதிருக்கும், தலையில் முக்காட்டுத் துணி, கையில் பால் வெட்டும் உளி. அவருடைய மகள் மல்லிகா நான்காம் வகுப்பில் இருந்தாள். பள்ளி மூடினால் அவளுக்கு ஆயாக் கொட்டகைதான், கைக்குழந்தை ஒன்று வீட்டில் இருந்தது.

"இன்னிக்குக் கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க தம்பி. சனிக்கெழம அரிசி அளப்பாங்க. அது ஊட்டுக்கு வந்து பானையில விழட்டும். ஞாயித்துக்கெழம வந்து கேளு."

ஆபீசுக்குத் திரும்பிச் சொன்னேன். சார் முதல் முறையாகச் சிரித்தார். எந்தச் சுற்றறிக்கையிலும் இந்த யோசனை வந்ததில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் வந்தார். சனிக்கிழமை அரிசி குறையாமல் அளக்கப்பட்டிருந்தது. கைநாட்டைப் பற்றிப் பேசியவர்களுக்கும் அதே அளவு கிடைத்திருந்தது. வேலிக்கதவில் காவலரிடம் சொல்லிவிட்டு ஜனங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள். பெஞ்சு ஒன்றுகூட இல்லை. கோட்டுப் போட்ட இன்ஸ்பெக்டர் தரையில் சம்மணம் போட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அதைப் பார்த்து நின்றுகொண்டிருந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

நான் என் முக்கால் பக்கத் தமிழைப் படித்தேன். அஞ்சலையக்கா மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் என் கையில் இருந்த தமிழ்த் தாளையும் ஆங்கிலச் சுற்றறிக்கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து தெரியாதவர். ஆனால் தாளின் நீளம் தெரியுமே.

"தம்பி, அந்த இங்கிலீசுக் காயிதம் மூணு தாளு இருக்கு. நீ படிச்சது ஒரு தாளுகூட இல்ல. மிச்சத்துல என்னா இருக்கு?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தை வரிவரியாக எடுத்து, அங்கேயே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு பத்தி. நீளமாக இருக்கிறது, முக்கியமில்லை என்று நான் மொழிபெயர்க்கும்போது தள்ளிவிட்ட பத்தி. வேலிக்குள் போதுமான பிள்ளைகள் இருந்து, பெற்றோர் கேட்டுக்கொண்டால், பள்ளியை வேலிக்குள்ளேயே அமைப்பது பற்றி யோசிக்கலாம் என்று இருந்தது. மறுபடி படி என்றார்கள், இந்த முறை எல்லோரும்.

பிறகு பேச்சு பிடித்துக்கொண்டது. லாரிக்கு யார் பொறுப்பு, கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், பெண்பிள்ளைகளோடு யார் போவது, வேலிக்குள் எந்த இடம் காலியாக இருக்கிறது. மாணிக்கம் கிராணியே பழைய ஸ்டோர் ஒன்று சும்மா கிடப்பதைச் சொன்னார். லாரியில் அனுப்பச் சம்மதம் என்று சில குடும்பங்கள் சொன்னார்கள், பெரிய பள்ளிப் பக்கம் அவர்களுக்கு உறவு இருந்தது. மற்றவர்கள் வேலிக்குள் வேண்டும் என்றார்கள். சார் சொன்னது சரி, இரண்டு அபிப்பிராயம் வந்தது. பழைய தாள்களை நான் கிழிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துக் கையெழுத்து வைத்தேன். புதுத் தாளை அஞ்சலையக்காவிடம் நீட்டினேன். அவர் விரலை நீட்டவில்லை.

"நான் வெரல் வைக்கிறேன். நீ படிச்சுக் காட்டுனேன்னு பக்கத்துல உன் கையெழுத்தப் போடு. நாளைக்கு ஒண்ணுன்னா நான் மட்டும் எதுக்கு மாட்டணும்?"

போட்டேன். அவர் விரலுக்குப் பக்கத்தில் 'படித்துக் காட்டியவர்' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். அதைப் பார்த்த அடுத்தவரும் அப்படியே கேட்டார். அன்று என் கை வலித்தது. மத்தியானத்துக்கு மேல்தான் முடிந்தது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் சாரிடம் கேட்டேன், அந்தப் பத்தி விட்டுப்போனது உங்களுக்குத் தெரியும்தானே, ஏன் சொல்லவில்லை என்று. அவங்க கேக்குறாங்களான்னு கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன், கேட்காவிட்டால் நானே சொல்லியிருப்பேன் என்றார். பிறகு தூங்கிவிட்டார். காய்ச்சல் உடம்பு, பாவம்.

மேலிடத்துக்கு எழுதி, பதில் வராமல், மறுபடி எழுதி, சில மாதங்களில் பழைய ஸ்டோரில் பள்ளி திறந்தது. பெஞ்சுகளும் திரும்பி வந்தன. மல்லிகா ஒரு நாள்கூட ஆயாக் கொட்டகைக்குப் போகவில்லை. எங்கள் ஆபீசில் அதன்பிறகு கைநாட்டு வாங்குகிற எந்தப் படிவத்திலும் 'படித்துக் காட்டியவர்' என்று ஒரு வரி அச்சானது, ஞானமுத்து சார் அப்படியே உத்தரவு போட்டுவிட்டார். என் ஃபைலில் அவர் சொன்னபடி ஏறியது. அதனால் என் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போனது. எனக்கு வருத்தமில்லை. அதற்கப்புறம் என்னை யாரும் எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடவில்லை, அதிலும் எனக்கு வருத்தமில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்ததும் ஒரு யோசனை வந்தது. அஞ்சலையக்கா இப்போது இல்லை. அவர் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறேன், யாரையாவது கேட்க வேண்டாமா? மல்லிகா ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, தஞ்சோங் கிளிங்கில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்துக் காட்டினேன். நடுவில் ஒருமுறை சிரித்தாள், ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள்.

"நல்லா இருக்கு மாமா. ஒரு எடத்துல சுருக்கிட்டீங்க."

எங்கே என்றேன்.

"அன்னிக்குப் பெரட்டுல அம்மா ஒரு தடவ கேக்கல. மூணு தடவ கேட்டாங்க. மூணாவது தடவ நீங்க, பின்னாடி ஆளு நிக்குது, நகருங்கன்னு சொன்னீங்க. சாகற வரைக்கும் அம்மா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

உண்மைதான். அறுபது வருஷம் கழித்து அந்தக் குரல் என் காதில் வந்து விழுந்தது, நகருங்க என்ற என் குரல். வேண்டுமென்றே மறைக்கவில்லை. முக்கியமில்லை என்று கை தானாகத் தள்ளிவிட்டது, அந்தப் பத்தியைத் தள்ளிய மாதிரியே.

மேலே 'ஒரு தடவை கேட்டார்' என்று நான் எழுதியதைச் சுரண்டவில்லை. மலரில் அது அப்படியே அச்சாகட்டும். மூன்று தடவை கேட்டார் என்று இங்கே திருத்துகிறேன். இந்தத் திருத்தத்தையும் மல்லிகாவிடம் படித்துக் காட்டினேன். மறுபடி படிங்க மாமா என்றாள். படித்தேன். இப்ப சரியா இருக்கு என்றாள்.